காகு சொன்ன ‘புரே’

எங்கள் புனே வீட்டு ஆர்.ஓ. மெஷின் குடிக்கக் கொடுக்கும் தண்ணீரைவிட வெளியே தள்ளும் தண்ணீர்தான் அதிகம். அது சிங்க்கில் ஓடுவதைப் பார்த்து வயிறெரிந்து, அந்தக் குழாயைப் பக்கெட்டுக்குத் திருப்பிவிட்டேன். வீடு துடைப்பதும் பாத்ரூம் கழுவுவதும் இப்போது அதில்தான்.

இன்று காலை பக்கெட் நிறைந்திருந்தது. எதிர் ஃப்ளாட் மராத்திக்கார அம்மாள், நாங்கள் காகு என்று கூப்பிடுகிறவர், வாசலில் செடித்தொட்டி வைத்திருக்கிறார். ஊற்றட்டுமா என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். தலையாட்டினார்.

ஊற்றினேன். “புரே” என்றார்.

இந்தியில் பூரா என்றால் முழுசு. இன்னும் சாய்த்தேன்.

“புரே, புரே” என்று கையை ஆட்டினார். அவ்வளவு ஆசையா என்று பக்கெட்டையே கவிழ்த்துவிட்டேன்.

தொட்டி வழிந்து, தண்ணீர் காகுவின் ஒற்றைச் செருப்பையும் கூட்டிக்கொண்டு படியிறங்கியது.

சத்தம் கேட்டு என் மனைவி எட்டிப்பார்த்தாள். “ஏனுங்க, மராத்தியில புரேன்னா போதும்னு அர்த்தமுங்க.”

காகு சிரித்துக்கொண்டே துடைப்பத்தை நீட்டினார். மூன்று மாடிப் படியையும் கழுவிவிட்டேன். ஆக, ஒரு சொட்டும் வீணாகவில்லை.

எனக்கு வேறு கவலை. போன ஞாயிறு காகு எங்கள் வீட்டில் சாப்பிட்டார். மனைவி அடுப்படியில் தோசை வார்க்க, நான்தான் பரிமாறினேன். ஏழாவது தோசைக்கும் அவர் “புரே” என்றபோது, பாவம், நல்ல பசி என்று நினைத்தேன்.

புனேக்காரர்களே, மராத்தியில் மன்னிப்புக் கேட்க ஒரு சொல் சொல்லுங்கள். இந்தியில் வேறு அர்த்தம் இல்லாததாகப் பார்த்து.