டீ டைம்ல விழுந்த மெசேஜும், அந்தோணி அண்ணன் மேல நான் போட்ட பழியும்

சூடேறுன பஞ்சு வாசம்… எங்க பனியன் ஊரு ராயபுரத்துல நான் மொதமொதல்ல வேலைக்குச் சேந்த ஆபீஸ நெனச்சாலே அந்த வாசந்தான் வருதுங்க. பக்கத்துல ஒரு பனியன் செக்கிங் யூனிட். அங்கிருந்து பறந்து வர்ற பஞ்சு பூராவும் எங்க சர்வர் ஃபேன்லதான் ஒட்டும். வாரம் ஒருக்கா பெயிண்ட் பிரஷ் வெச்சு நான்தான் தட்டி எடுக்கோணும்.

பனியன் கம்பெனிகளுக்கு இன்டர்நெட் வழியா ஃபோன் கனெக்‌ஷன் குடுக்கற ஆபீஸுங்க அது. அத்தன ஃபோனுக்கும் ஒரே சர்வர். யாரு ஃபோன் அடிச்சாலும் அதுக்கு ஒரு மெசேஜ் வரும். உள்ள எட்டு ‘வொர்க்கர்’… ஆளுங்க இல்லீங்க, புரோகிராம். வர்ற மெசேஜ ஒவ்வொண்ணா எடுத்து அனுப்பிவிடும். எட்டும் பிஸின்னா மெசேஜ் வரிசையில நிக்கும். வரிசையும் நெறஞ்சா விழுந்துரும். சத்தமே இருக்காது. கூப்பிட்டவருக்கு லைன் போகாது, அவ்ளோதான்.

கருப்பு ஸ்கிரீன்ல கமாண்ட் அடிச்சு, எத்தன மெசேஜ் விழுந்துச்சுன்னு டைரில எழுதறதுதான் என் வேல.

காலைல பூரா சைபர்தான், ஒண்ணுகூட விழுகாது. பதினொன்னேகால் ஆச்சுன்னா குபுகுபுன்னு ஏறும். மறுபடி சாயங்காலம் நாலேகாலுக்கு. நடுவுல ஒண்ணுமில்ல. நேரம் பாத்துக் கெட்டுப்போற மெஷின் எங்கியாவது உண்டுங்களா? யாரோ கை வெக்கறாங்கன்னு முடிவே பண்ணிட்டேன். எங்க ஊட்டுல எனக்கு சிஐடின்னே பேரு.

சர்வர்ல எதையாவது மாத்தற பாஸ்வேர்டு தெரிஞ்சது அந்தோணி அண்ணனுக்கு மட்டுந்தான். தூத்துக்குடிக்காரரு, நாப்பது வயசிருக்கும். அந்த சர்வர கட்டுனதே அவருதான். சரியா பதினோரு மணிக்கு “வாரேன் தாயி”ன்னு எந்திரிச்சுப் போவாரு. பதினொன்னு இருவதுக்கு வருவாரு. நாலு மணிக்கும் அதே கத.

டைரியப் பெரட்டிப் பாத்தேன். அவரு சீட்டுல இல்லாத நேரமும், மெசேஜ் விழுகற நேரமும் அச்சு அசலா ஒண்ணு!

அப்பறம் என்ன… அவரு என்ன செஞ்சாலும் தப்பாவே தெரிஞ்சுது. மாடிப்படில நின்னு மெதுவா ஃபோன் பேசுவாரு, என்னையக் கண்டா வெச்சுருவாரு. (யாருகிட்டப் பேசுனாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. ஒரு மனுசன் ஃபோன் பேசக்கூடாதா என்ன?) ஒரு நா “சர்வர் எப்படிக் கெடக்கு?”ன்னு சிரிச்சுட்டே கேட்டாரு. பாத்தீங்களா, ஆழம் பாக்கறாரு! இதே பிசினஸ புதுசா ஒருத்தரு அவிநாசி ரோட்டுல ஆரம்பிச்சிருந்தாரு. நம்ம கஸ்டமர அங்க இழுத்துவிடத்தான் இந்த வேலைன்னு நானே கத கட்டி முடிச்சுட்டேன்.

அந்த நேரம் பாத்து சேவூர்ப் பக்கம் யூனிட் வெச்சிருந்த ஒருத்தரு வந்து சத்தம் போட்டாரு. “சரக்கு வாங்கற பையர் மூணு தடவ கூப்பிட்டிருக்காருங்க, லைனே வரலீங்க! இந்த வாரத்தோட கனெக்‌ஷன எடுத்துக்குங்க.” எங்க ஓனர் மொகம் செத்துப்போச்சு. வந்தவரு போனதும் நான் டைரிய நீட்டி, இது அந்தோணி அண்ணன் வேலதான்னேன்.

“ஏங்கண்ணு, நல்லா யோசிச்சுத்தான் சொல்றியா?”

“நேரத்தப் பாருங்க சார். அந்தோணி அண்ணன் வெளிய போனா விழுகுதுங்க.”

அன்னிக்கே பாஸ்வேர்ட வாங்கி மாத்திட்டு, அந்தோணி அண்ணன கேபிள் இழுக்க அனுப்பிட்டாரு ஓனர். மாசக் கடைசில கணக்க முடிச்சு அனுப்பிரலாம்னும் சொன்னாரு. அண்ணன் ஒண்ணுமே கேக்கல. ஏணியத் தோள்ல வெச்சுட்டு வெயில்ல போனாரு. கேக்காம போறாருன்னா தப்பு பண்ணிருக்காருன்னு அதுக்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடிச்சேன் பாருங்க!

மறுநா பதினொன்னேகால். விழுந்துச்சு. “வெளிய இருந்து பண்றாருங்க சார்”ன்னேன். எனக்கு அடங்கல.

நாலாவது நா, ஒரு யூனிட்ல ஃபோன் ரிப்பேருன்னு என்னைய அனுப்புனாங்க. தையல் மெஷின் லைனுக்குப் பக்கத்துல ஃபோன நோண்டிட்டு இருக்கேன்… கம்பெனி பெல் அடிச்சுது. சூப்பர்வைசர் நேராப் போயி மெயின் சுவிட்ச ‘டப்’புன்னு எறக்கிட்டாரு. மெஷின், லைட்டு, என் கைல இருந்த யூனிட் ஃபோன், எல்லாம் ஆஃப்.

“ஏனுங்ண்ணா, கரண்டு போச்சுங்களா?”

“இல்லீங்க, டீ டைமுங்க. மெஷின ஆஃப் பண்ணாம எந்திரிச்சுப் போயிர்றாங்க, அதான் மெயினயே எறக்கறது. எல்லாக் கம்பெனிலயும் இப்படித்தானுங்களே! டீ குடிக்கறீங்களா?”

எனக்கு டீ பழக்கமே இல்லீங்க. ஊரே பதினோரு மணிக்கு டீ குடிக்குதுங்கறது என் மண்டைல ஏறவே இல்ல. கம்பெனி தொறக்கறதும் மத்தியானச் சாப்பாடும் ஆளுக்கொரு நேரம், டீ மட்டுந்தான் எல்லாருக்கும் ஒண்ணா. பதினொன்னேகாலுக்கு மெயின ஏத்துனாரு. உசுரு வந்ததும் ஃபோன் மொத வேலையா ‘நான் வந்துட்டேன்’னு சர்வருக்கு மெசேஜ் அனுப்பும். அத்தன யூனிட் ஃபோனும் ஒரே நிமிசத்துல அனுப்புனா, எட்டு வொர்க்கர் என்னத்தப் பண்ணும்?

அந்தோணி அண்ணனும் டீ குடிக்கத்தான் போயிருக்காரு. அவ்ளோதாங்க அவரு பண்ண குத்தம்.

வண்டிய முறுக்கிட்டு வந்து ஓனர்கிட்டச் சொன்னேன். அண்ணனக் கூப்பிட்டு பழையபடி சீட்டுல உக்கார வெச்சாங்க. அவரு எட்டு வொர்க்கர முப்பத்திரண்டு ஆக்குனாரு. அன்னிக்கு சாயங்காலமே சைபர். நான் அவரு டேபிள் முன்னாடி போயி நின்னேன்.

“அண்ணா… சார்கிட்ட நான்தானுங்க…”

“தெரியும் தாயி. நீ சொல்லும்போது நா கதவுக்கு வெளியதான் நின்னுட்டிருந்தேன்.”

“அப்பறம் ஏனுங்ண்ணா ஒரு வார்த்த சொல்லல?”

“சொன்னா நீ நம்பிருப்பியா?”

திட்டியிருந்தாக்கூடத் தேவலைங்க.

இப்ப நான் பாக்கற சர்வர் அத மாதிரி அம்பது மடங்கு பெருசு. கலர் கலரா கிராஃப் ஓடுது. ஒரு மெசேஜ் விழுந்தாலும் எந்த யூனிட்டு, எந்த வொர்க்கர் பிஸின்னு என் ஃபோன்லயே வந்துருது. ஆள சந்தேகப்படற வேலையே இல்ல. சந்தேகப்படறதுக்கு எதுத்த டேபிள்ல ஆளும் இல்லீங்க, அவங்கவங்க ஊட்டுல இருந்தே பாக்கறாங்க.

அண்ணன் ஊருக்கே போயிட்டாரு. பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் வாட்ஸப்ல வாழ்த்து சொல்லிக்குவோம். அவரு கேட்ட அந்தக் கேள்விக்கு மட்டும் நான் இன்னும் பதில் சொல்லல.

நெஞ்சத் தொட்டுச் சொல்றதுன்னா… நம்பியிருக்க மாட்டேனுங்க.