வட்டப் பேருந்து ஓட்டும் சித்தி

என் சித்தி நகரத்தைச் சுற்றி வரும் வட்டப் பேருந்தின் ஓட்டுநர். ஒரே நாள் திரும்பத் திரும்ப விடிய, அதற்குள் ஆள் மாட்டிக்கொள்ளும் படங்கள் என்றால் அவளுக்கு உயிர். நான் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பிய வாரம், தொலைதூர வண்டிக்கு மாறச் சம்மதமா என்று பணிமனையில் கேட்டிருந்தார்கள். பதில் சொல்ல வேண்டிய கடைசி நாளில் நானும் அவள் வண்டியில் ஏறியிருந்தேன்.

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில், அவள் பின்னால் உட்கார்ந்திருந்த நான் நச்சரித்தேன். “போயிடு சித்தி. செக்குமாடு மாதிரி எத்தனை நாள் சுத்துவே?”

“போடி ஊர்சுத்தி! அந்தப் படத்துல எல்லாம் ஆளு முதல்ல தப்பிக்கத்தான் பார்ப்பான். அப்புறம் யாரு எங்க தடுக்கி விழுவாங்கன்னு தெரிஞ்சு, முன்னாடியே போய்க் கை கொடுப்பான். எனக்கு அந்தப் பாதிதான் பிடிக்கும்.”

தினமும் அங்கே ஏறும் கைத்தடிக்காரர் இன்னும் வரவில்லை. சித்தி கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தாள். அவர் மூச்சிரைக்க வந்து உட்கார்ந்ததும், கிளம்பும் முன் பணிமனைக்குப் போன் செய்தாள்.

“நான் வட்டத்துலயே இருந்துக்கிறேன் சார்.”