அக்காவின் இலையில் என்ன வைப்பது?

“…அதெல்லாம் உங்களுக்குப் பிடிச்ச சாப்பாடு. அவவுக்குப் பிடிச்சது என்னெண்டு இஞ்ச இருக்கிற ஒருத்தரும் இன்னும் சொல்லேல்லை” என்று அத்தான் சொல்லி முடித்தபோது, சல்லிக் கிராமத்தில் அக்காவின் வீட்டு விறாந்தையில் இருந்து கறிகளை அடுக்கிக்கொண்டிருந்த எங்கள் எல்லோருடைய கணக்கும் பிழைத்துப்போனது.

எட்டுச் செலவுக்கு முதல் நாள் பின்னேரம் அது. இறந்தவர் விரும்பிச் சாப்பிட்டவற்றையெல்லாம் சமைத்து, இலை போட்டுப் படைக்கும் நாள் எட்டு. அக்காவின் இலையில் எதை வைப்பது என்றுதான் கதை தொடங்கியது. அத்தானின் தங்கை, எங்கள் கமலா மச்சாள், “மீன் இல்லாமல் எட்டோ? கடற்கரையில இருந்துகொண்டு ஒரு பாரைக்கறி கூட வைக்காட்டி ஊர் சிரிக்கும்” என்றார்.

“மாமி, அம்மா ஆயுளுக்கும் மீன் வாயில வைக்கேல்லை. இப்ப ஆள் இல்லையெண்ட துணிவில தீத்தப் பாக்கிறீங்களோ?” என்றாள் அக்காவின் மகள் வதனி.

பெரியண்ணர் கத்தரிக்காய்ப் பால்கறி என்றார். நான் வாழைக்காய்த் தோல் வறை என்றேன். வதனி முருங்கையிலைச் சொதியை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றாள். கடைசியில் மச்சாளும் மீனைக் கைவிட்டு, “அப்ப பூசணிக்காயாவது வையுங்கோ. அண்ணி வைக்கிற பூசணிக்காய்க் கறியெண்டா எனக்கு உயிர்” என்றார்.

எனக்கு உயிர்! அங்கேதான் நாங்கள் அகப்பட்டோம். அதுவரை கதிரையைச் சுவரோடு போட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தான் அப்போதுதான் திரும்பி, மேலே நான் எழுதியதைச் சொன்னார்.

பிறகு அவர் என்ன செய்தார் என்பது இருக்கட்டும். இன்று முப்பத்தோராம் நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் அரைவாசிப் பேருக்கு மேல் அக்காவின் கையால் சாப்பிட்டவர்கள். சாப்பிட்ட கை காயுமுன்னே அவர் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

அக்கா பிறந்தது சம்பூரில். வயலும் தோட்டமும் மாடும் உள்ள வீடு. எங்கள் வீட்டில் எல்லோரும் மீன் சாப்பிடுவோம். அக்காவுக்கு மட்டும் அந்த மணம் ஒத்துவராது. விரதமும் இல்லை, நேர்த்திக்கடனும் இல்லை. “எனக்கு ஏலாது, அவ்வளவுதான்” என்பார். இப்படிப்பட்ட பிள்ளைக்கு வந்த சம்பந்தமோ சல்லிக் கடற்கரை மாப்பிள்ளை! அத்தான் அந்த நாட்களில் இலங்கைத்துறைப் பக்கம் வாடி போட்டு, அதாவது கரையில் ஓலைக் கொட்டில் கட்டித் தங்கி, மீன்பிடித் தொழில் செய்தவர்.

பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா ஒளிக்காமல் சொன்னார்: “பிள்ளை மீன் சாப்பிடாது. பேந்து குறை சொல்லக் கூடாது.” வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மாப்பிள்ளைதான் வாய் திறந்தார்: “அவ சாப்பிடாட்டி அந்தப் பங்கும் எனக்குத்தானே. நல்ல சம்பந்தம்.” அம்மா சிரித்துவிட்டார். சம்பந்தம் சரி வந்தது அந்தச் சிரிப்பில்தான்.

சல்லிக்குப் போன அக்கா மீன் சமைக்கப் பழகினார். அதற்கென்று வேறாக ஒரு மண்சட்டி, வேறாக ஒரு அகப்பை. ஆனால் ஒரு துளி நாக்கில் வைத்ததில்லை. “உப்புப் புளி எப்பிடியக்கா தெரியும்?” என்று கேட்டால், “அதுக்குத்தானே மனிசன் இருக்கிறார். முகத்தைப் பார்ப்பன்” என்பார். அத்தானின் புருவம் மேலே போனால் உப்புக் கூட. கை தண்ணீர்ச் செம்புக்குப் போனால் உறைப்புக் கூட. குனிந்த தலை நிமிராவிட்டால் எல்லாம் சரி. இந்தக் கணக்கில் சமைத்தே, சல்லியில் நல்ல மீன்குழம்பு வைப்பவர் என்று பெயரெடுத்தார் மீன் தின்னாத என் அக்கா.

இதில் ஊருக்கும் ஒரு வசதி கிடைத்தது. படையலுக்குச் சமைக்கும்போது ருசி பார்க்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்த கட்டுப்பாடு. கை தேர்ந்தவர்களும் அன்று தடுமாறுவார்கள். உப்புப் போட்டதா இல்லையா என்ற சந்தேகத்திலே இன்னொரு கை போடுவார்கள். ருசி பார்க்காமல் சமைத்துச் சமைத்துப் பழகிய அக்காவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டில் திவசமென்றாலும் அக்காவுக்குத்தான் ஆள் வரும்.

ஆனால் அவர் மனம் வைத்துச் சமைத்தது மரக்கறிதான். அதுவும் கடையில் அடுக்கி வைத்திருக்கும் மினுமினுத்த மரக்கறி அல்ல. வேலியில் முருங்கை, கிணற்றடியில் பொன்னாங்காணி, பின்வளவில் வாழை. வாழைக்காயைக் கறியாக்கிவிட்டுத் தோலைச் சின்னச் சின்னதாக அரிந்து தேங்காய்ப்பூப் போட்டு வறுப்பார். பூசணிக்காயின் தோலில் சம்பல், விதையை வறுத்தால் பிள்ளைகளுக்குக் கொறிக்க. “இவ வீட்டுக்குள்ள பூசணிக்காய் போனாக் காம்பு மட்டும்தான் வெளியில வரும்” என்று பக்கத்து வீட்டார் சொல்வார்கள். அக்காவின் பதில்: “விலை குறைஞ்ச மரக்கறிக்கு நேரத்தைக் கூடக் குடுக்கவேணும், அவ்வளவுதான்.” கப்பிப்பால் எனப்படும் தண்ணியான தேங்காய்ப்பாலில் ஆறுதலாக அவியவிட்டு, முதற்பாலை இறக்கும் நேரத்தில்தான் விடுவார். சொதிக்குத் தேசிக்காய் பிழிவதென்றால் சட்டி அடுப்பை விட்டு இறங்கியிருக்க வேண்டும். இந்த இரண்டிலும் அவசரப்பட்டவர்களுக்குப் பேச்சு விழும்.

கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் மரக்கறி கொண்டுவரும் முஸ்லிம் வியாபாரி நானாவுக்கும் அக்காவுக்கும் நடக்கும் பேச்சுவார்த்தையைக் கேட்க நான் வேலை மெனக்கெட்டு நிற்பதுண்டு. பெட்டியின் அடியில் கிடக்கும் வாடிய கத்தரிக்காய்தான் அக்காவின் குறி.

“தங்கச்சி, இதை என்ட ஊட்டுக்குக் கொண்டுபோகவே எனக்கு வெக்கம். உங்களுக்கு எப்பிடித் தாறது?”

“உங்கட வீட்டில வெக்கப்படுறதை எங்கட வீட்டில போட்டிட்டுப் போங்கோ நானா.”

ஒருநாள் மழைக்கு ஒதுங்கிய நானாவுக்கு அதே கத்தரிக்காயில் வைத்த பால்கறியோடு சோறு கொடுத்தார். நானா ஒரு துண்டை விரலால் எடுத்து உற்றுப் பார்த்தார். “இது நான் தந்தது இல்ல தங்கச்சி. நான் தந்தது கிழவன். இவன் மாப்பிள்ளை!”

அத்தான் மட்டும் எந்த மரக்கறியையும் நல்லதென்று சொன்னதில்லை. மாரியில் கடல் எழும்பி வள்ளங்கள் கரையில் கிடக்கும் நாட்களில் அவருக்கும் மரக்கறிதான். முகத்தை நீட்டிக்கொண்டு இருப்பார். தலை மட்டும் நிமிராது. இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்ளும்போது, “இதுக்குள்ள களவாகக் கூனி இறால் போட்டனீர், உண்மையைச் சொல்லும்” என்பார். “ஓம், கடலுக்குப் போகாதவருக்குக் கூனி தானாக நடந்து வந்தது” என்பார் அக்கா.

யுத்தத்தில் சம்பூரை விட்டு நாங்கள் உடுத்த உடுப்போடு எழும்பிய காலத்தை இங்கே விரித்து எழுத எனக்கு மனம் இல்லை. அது உங்களில் பலருடைய கதையும்தான். முகாம்களில் அலைந்து, ஒரு மத்தியானம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு நாங்கள் அக்கா வீட்டு வாசலில் போய் நின்றோம். அக்கா அழவில்லை, ஒன்றும் விசாரிக்கவும் இல்லை. எங்களைத் தலை எண்ணிப் பார்த்தார். “கை காலைக் கழுவிப்போட்டு வாங்கோ. பருப்புக்குத் தண்ணி கூட்டியாச்சு” என்றார். அந்தத் தண்ணீர்ப் பருப்பைக் குடித்த பிறகுதான் அம்மா நிம்மதியாகப் படுத்து நித்திரை கொண்டார். இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் சொல்லாமல் யாராவது வந்து நின்றால், “வாங்கோ, தண்ணி கூட்டியாச்சு” என்றுதான் வரவேற்பு.

பிறகு மண்ணெண்ணெயும் கேஸும் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற காலம் வந்தது. கடல் அமைதியாகக் கிடந்தது. என்ஜினுக்கு எண்ணெய் இல்லை. அக்கா முற்றத்தில் மூன்று கல்லை வைத்துப் பெரிய அடுப்பாக மூட்டினார். ஒழுங்கையில், அந்தக் குறுந்தெருவில், எல்லா வீட்டுக்கும் ஒரே சமையல். ஒரு வீட்டிலிருந்து தேங்காய், ஒரு வீட்டிலிருந்து அரிசி, ஒன்றும் இல்லாத வீட்டிலிருந்து விறகு. விறகும் இல்லாதவர்கள் வந்து ஒரு பகிடி சொல்லிச் சிரிக்க வைத்தாலும் போதும் என்றார். தொழில் இல்லாமல் நின்ற அத்தானைத் தேங்காய் துருவத் திருவலையில் இருத்தினார்.

“சுறா இழுத்த கை இது” என்றார் அத்தான்.

“சுறாவை இழுத்த மாதிரி இழுக்காதேங்கோ. சிரட்டைத் தூள் எல்லாம் தேங்காய்ப்பூவோட வருது.”

ஒழுங்கை சிரித்தது. அந்தச் சிரிப்போடு நாங்கள் சாப்பிட்ட கீரையும் பருப்பும் இன்னும் நாக்கில் நிற்கிறது. எல்லோருக்கும் போட்டு முடித்த பிறகு, “நீங்கள் சாப்பிட இல்லையோ அக்கா?” என்று கேட்டால், “நான் பேந்து, எல்லாரும் முடிஞ்ச பிறகு” என்பார். சம்பூரில் இருந்தபோதும் அதே ‘பேந்து’தான். அந்தப் ‘பேந்து’ எப்போது வருகிறது, அப்போது அவர் என்ன சாப்பிடுகிறார் என்று எங்களில் ஒருவரும் நின்று பார்த்ததில்லை. சாப்பிட்டவர்கள் கை கழுவிக்கொண்டு போய்விட்டோம்.

கடைசி நாட்கள் ஆஸ்பத்திரியில் கழிந்தன. மூச்சு விடச் சிரமப்பட்டாலும் கதை குறையவில்லை. நான் பார்க்கப் போன ஒருநாள், பக்கத்துக் கட்டில் அம்மாவும் அவரைப் பார்க்க வந்த மகளும் அக்காவின் கட்டிலைச் சுற்றி நின்று பூசணித் தோல் சம்பலுக்குப் புளி எவ்வளவு என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் அக்கா சொன்னார்: “தம்பி, அலுமாரிக்குக் கீழ தேங்காய் கிடக்கு. முளைக்க முன்னம் உடைக்கச் சொல்லு.” என்னிடம் அவர் சொன்ன கடைசிச் சொல் அதுதான். நான் வீட்டில் சொன்னேன். ஆனால் அவர் போன பிறகு அந்தத் தேங்காயைத் தொட ஒருவருக்கும் மனம் வரவில்லை. அக்காவின் அடுப்பிருந்த குசினிக்குள் கால் வைக்கவும் மனம் வரவில்லை.

எங்களைச் சமைக்க விடாமல் நேரத்துக்கு நேரம் சோறும் கறியும் கொண்டுவந்த ஒழுங்கை வீட்டார் அனைவருக்கும், பந்தல் போட்டுக் கடைசிவரை தோள் கொடுத்த அத்தானின் கடற்தொழில் தோழர்களுக்கும், அக்காவின் பேச்சுக்குக் காது கொடுத்த தாதிமாருக்கும், சம்பூரிலிருந்தும் கப்பல்துறையிலிருந்தும் வந்து நின்ற சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. செய்தி கேட்டு ஒரு பெட்டி கத்தரிக்காயோடு வந்த கிண்ணியா நானாவுக்குத் தனியாக ஒரு நன்றி. எல்லாம் அன்று பிடுங்கியவை. “தங்கச்சிக்கு எண்டைக்கும் வாடினதுதான் குடுத்தன். இண்டைக்கு மனம் கேக்கல்ல” என்றார்.

இனி அந்தப் பின்னேரத்துக்கு வருகிறேன்.

அத்தான் அப்படிச் சொன்னதும் வதனிதான் கேட்டாள்: “அப்ப அம்மாவுக்கு என்னப்பா பிடிக்கும்?”

“வாடிச் சம்பல். பழஞ்சோத்தோட.”

எங்களுக்கு விளங்கவில்லை. வாடியில் தங்கும் தொழிலாளர்கள் தேங்காய்ச் சொட்டையும் காய்ந்த செத்தல் மிளகாயையும் தணலில் சுட்டு, வெங்காயத்தோடு இடித்துத் தின்னும் சம்பல் அது. ஆண்கள் போடுவது.

“நீங்கள் எல்லாரும் திண்டிட்டுப் போனாப் பிறகு என்னட்டை வந்து கேப்பா. ‘ஒரு வாடிச் சம்பல் போடுங்கோவன்’ எண்டு. கலியாணம் கட்டின காலத்தில இருந்து.”

“அண்ணை, நீங்கள் குசினிக்குள்ள போறனீங்களோ?” மச்சாளுக்கு வாய் மூடவில்லை.

“நீங்கள் ஆரும் நிக்கேக்க போறேல்லை.”

“வாடிச் சம்பலுக்குக் கருவாடு போடவேணுமே?” என்று இழுத்தார் பெரியண்ணர்.

“அவவுக்குப் போடுறேல்லை. அதில்லாமலும் அது சம்பல்தான்” என்றார் அத்தான். அவர் வாயால் ஒரு மரக்கறிச் சாப்பாட்டைப் புகழ்ந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு தனக்குத்தானே சொல்வதுபோல், “நாளைக்கு ருசி பாக்க ஏலாது. இண்டைக்கே ஒருக்காப் போட்டுப் பாக்கவேணும்” என்றார்.

எழுந்து உள்ளே போனார். அலுமாரிக்குக் கீழே குனிந்து ஒரு தேங்காயை இழுத்தெடுத்துக் காதோடு வைத்துக் குலுக்கிப் பார்த்தார். முற்றத்துக் கல்லில் உடைத்து, தேங்காய்த் தண்ணீரை வதனியின் கையில் கொடுத்துவிட்டு, ஒருவரும் போகாதிருந்த குசினிக்குள் போனார். முதலில் புகை வந்தது. பிறகு சுட்ட தேங்காயின் வாசம் விறாந்தை முழுவதும் வந்தது. உரலில் இடிக்கும் சத்தம் நின்றதும், கையில் சட்டியோடு வெளியே வந்தார். மத்தியானத்துச் சோற்றில் ஆளுக்கொரு பிடி குழைத்து எங்கள் கைகளில் வைத்தார். உப்புச் சரியோ என்று கேட்கவில்லை. சட்டியைப் பிடித்தபடியே, எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.