மூன்று ஏ வரிசை

போர்ட் கிள்ளானில் நான் வேலை செய்யும் கண்டெய்னர் யார்டில் நான்காம் வரிசை கிடையாது. முதலாளி சீனர், அவர் பேச்சில் நான்கு என்றால் சாவு போல ஒலிக்கும். அதனால் மூன்றுக்குப் பிறகு 3ஏ, அப்புறம் ஐந்து. லோரிகளை வரிசை வரிசையாக அழைக்கும் புரோகிராமை சி என்ற கணினி மொழியில் எழுதியவன் நான்தான். அதில் i என்ற எண்ணி ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டு போகும். நான்கு வந்தால் தாண்டும். 3ஏ-வைக் கடைசியில் தனியாக அழைக்கும்.

போன வருடம் அதைப் பைத்தான் மொழிக்கு மாற்றச் சொன்னார்கள். பக்கத்து மேசைப் பெண் என் திரையை எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

“இன்னும் எதுக்குண்ணே i? பைத்தான்ல எண்ண வேணாம் லா. லிஸ்ட்ட குடுத்தா அதுவே ஒன்னொன்னா எடுத்துக்கும். ஒன்னையும் விடாது.”

“எண்ணாம எனக்குக் கை ஓடாதும்மா.”

“சரிதான், தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்.”

எனக்குச் சுருக்கென்றது. நேற்று வந்தவள் எனக்குப் பாடம் எடுப்பதா என்ற வீம்பு. 3ஏ-வைத் தனியாக அழைக்கும் வரியை எடுத்துவிட்டு, அதையும் சேர்த்து லிஸ்ட் போட்டேன். ஆனால் i-யை விடவில்லை. நான்கு வந்தால் தாண்டு என்ற பழைய வரியையும் அப்படியே வைத்தேன். லிஸ்டில் நான்காவதாக இருந்ததே 3ஏ தான் என்பது என் மரமண்டைக்கு எட்டவில்லை.

மறுநாள் காலை 3ஏ-வில் ஒரே ஒரு லோரி. ஓட்டுநர் எனக்குப் பழக்கமானவர். அன்று மதியம் கிள்ளான் மருத்துவமனையில் அவருடைய அப்பாவுக்கு ஆபரேஷன். பெட்டியை இறக்கிவிட்டு, ஆபரேஷனுக்கு முன் போய் அப்பா முகம் பார்க்க வேண்டும் என்று யார்ட் கேட்டிலேயே சொல்லியிருக்கிறார். மற்ற வரிசைகள் நகர்ந்தன. அவர் இரண்டு முறை கவுண்டரில் போய்க் கேட்டதற்கும், “சிஸ்டம் கூப்பிடும் பாஸ், வெயிட் பண்ணுங்க” என்றுதான் பதில்.

நான் தவறைக் கண்டுபிடித்து அந்த வரியை அழித்தபோது மணி ஒன்று. அதற்குள் அப்பாவை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அப்பா பிறகு கண் விழிக்கவே இல்லை.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் சுடுகாட்டுக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் ஓட்டுநர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சிஸ்டம் செஞ்சதுக்கு யார குத்தம் சொல்றதுண்ணே?”

நான் தலையாட்டினேன். இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.