மருந்தில்லாத ரைபிள்

ஐம்பதுகளில் ராமநாதபுரத்தில் ஏர்கன் வைத்திருந்தவர்கள் ஐந்தாறு பேர் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் நயினார்கோவில் போகும் பாதையில் ஏதாவது ஒரு கண்மாய்க் கரையில் கூடுவார்கள். காலி சிகரெட் டின், உடைந்த ஓடு, சில சமயம் அசந்துபோன ஒரு கொக்கு, இவைதான் குறி. நான் அப்போது மதுரைப் பத்திரிகை ஒன்றின் உள்ளூர் நிருபர். என்னிடம் துப்பாக்கி கிடையாது. சைக்கிளை மிதித்துக்கொண்டு அவர்கள் பின்னால் போவேன். அவர்கள் சுடுவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். பேசுவதைத்தான் காது கொடுத்துக் கேட்க முடியாது.

ஏர்கன் என்று ஒருவர்கூடச் சொல்ல மாட்டார். அது ரைபிள். அதற்குள் போவது மிளகைவிடச் சற்றுப் பெரிய, இடுப்பு ஒடுங்கிய ஈயக் குண்டு. அதன் பெயர் தோட்டா. இந்தத் துப்பாக்கியில் வெடிமருந்து என்பதே இல்லை. உள்ளே ஒரு சுருள்வில் காற்றை நெருக்குகிறது, நெருக்கப்பட்ட காற்று குண்டைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். ஆனாலும் வில் தளர்ந்து குண்டு பாதி வழியில் விழுந்தால், "மருந்து கொறஞ்சு போச்சப்பா" என்று உதட்டைப் பிதுக்குவார்கள். குண்டு எவ்வளவு தூரம் போய் விழும் என்பது ஒரு கணக்கு. எவ்வளவு தூரத்தில் குறியில் படும் என்பது வேறு கணக்கு. இவர்களுக்கு இரண்டும் 'ரேஞ்சு'. வெளியாளிடம் சொல்லும்போது எது பெரிதோ அதைச் சொல்வார்கள். கொக்கு ஒரு இறகும் உதிராமல் எழுந்து பறந்தால், "அடி வாங்கிட்டுத்தான் போகுது" என்பார்கள்.

அவர்கள் பேச்சைத் திருத்திப் பார்த்தேன். பத்திரிகையில் வெறுமனே துப்பாக்கி என்று எழுதினால் எந்தத் துப்பாக்கி என்று மதுரையிலிருந்து கேட்பார்கள். அந்தப் பழக்கம் எனக்கு. கூட்டத்தில் நல்ல குறிகாரர் ஒரு ஜவுளிக்கடை முதலாளி. அவர் சிரித்தார்.

"பேப்பர்க்காரரே, புலியப் பார்த்தவன் புலிங்குறான். நீரு வந்து அது பெரிய பூனைங்குறீரு."

"நீங்க பார்த்தது பூனைதானய்யா."

"போமய்யா அங்கிட்டு."

கூட்டத்தோடு எப்போதாவது வந்து உட்காருபவர் ஒரு கீழக்கரை நண்பர். கொழும்பில் ஒரு மொத்தக் கடையில் கணக்குப் பார்த்தார். வருஷத்துக்கு ஒரு தரம் ஊர் வருவார். துப்பாக்கி பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்ததெல்லாம் கண்மாய்க் கரையில் இவர்கள் பேசிக் கேட்டது. ஒரு முறை அவர் கொழும்புக்குக் கிளம்பும்போது ஜவுளிக்கடைக்காரர் சொல்லிவிட்டார். "மாப்ளே, அடுத்தாப்ல வாரப்ப எனக்கு ஒரு ஜெர்மன் ரைபிள் வாங்கியா. ஒரு டப்பா தோட்டாவும் சேத்து."

அவர் மறக்கவில்லை. தங்கை நிக்காஹுக்கு வரும்போது வாங்கி வந்தார். தனுஷ்கோடியில் கப்பலைவிட்டு இறங்கியதும் சுங்க அதிகாரி நீளமான பொட்டலத்தைத் தொட்டு, இது என்ன என்று கேட்டார்.

"ரைபிள் சார்."

"இந்த டப்பாவில?"

"தோட்டா சார்."

உண்மையைச் சொல்கிறோம் என்றுதான் அந்த மனிதர் நினைத்திருக்கிறார்.

லைசென்ஸ் இல்லாத ரைபிளும் தோட்டாவும் கடல் தாண்டி வந்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. அதே கப்பலில் வந்த ஒருவர் மறுநாள் காலை ஜவுளிக்கடைக்கு வந்து செய்தி சொன்னபோது நானும் அங்கே இருந்தேன். நண்பரைத் தனுஷ்கோடியிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பாஸ்போர்ட் அதிகாரியின் மேசையில் இருக்கிறது. போலீஸ் கேஸ் என்று ஒன்று விழுந்தால் கொழும்பு விசா போய்விடும். அந்த வருஷங்களில் ஒரு தரம் போன விசா போனதுதான். கீழக்கரையில் ஒரு குடும்பம் முழுவதும் அவருடைய சம்பளத்தில் சாப்பிட்டது.

நானும் ஜவுளிக்கடைக்காரரும் அடுத்த ரயிலைப் பிடித்தோம். வழி முழுவதும் அவருக்குப் பாடம் நடத்தினேன். "ஏர்கன்னு மட்டும் சொல்லுங்க. குருவி சுடுறதுன்னு சொல்லுங்க. ஈயக் குண்டுன்னு சொல்லுங்க. வேற ஒரு வார்த்தை வேண்டாம்." மண்டபம் வந்தபோது சரி என்றார். பாம்பனில் மறுபடி கேட்டபோது, "நான் என்ன பச்சைப் பிள்ளையாய்யா?" என்றார்.

சுங்கக் கொட்டகையில் நண்பர் ஒரு தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். ஒரு நாளில் கன்னம் ஒட்டியிருந்தது. அதிகாரி சென்னைக்காரர், இளைஞர். மரியாதையாகவே பேசினார்.

"சார், இது ஏர்கன்னு எனக்குத் தெரியாதா? பார்த்தாலே தெரியுது. ஆனா பத்துப் பேர் முன்னாடி இவரே ரைபிள், தோட்டான்னு வாக்குமூலம் குடுத்துட்டாரே. யாருக்காக வாங்கினாரோ அவர் வந்து என்ன சாமான்னு தெளிவாச் சொன்னா விட்டுடறேன்."

ஜவுளிக்கடைக்காரர் முன்னால் வந்து, பாடம் பிசகாமல் சொன்னார். "ஏர்கனுங்க. குருவி சுடுறது. ஈயக் குண்டுங்க." எனக்கு மூச்சு வந்தது. அதிகாரி பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்தார். எடுத்தவர் சும்மா இருந்திருக்கலாம்.

"அப்ப விளையாட்டுச் சாமான்தானே?"

ஜவுளிக்கடைக்காரரின் கழுத்து நிமிர்ந்தது. நான் அவர் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தேன்.

"விளையாட்டுச் சாமானா? யாரு சொன்னது? சார், ஜெர்மன் ரைபிள் சார் இது. முந்நூறு கஜம் ரேஞ்சு. தோட்டா ஏறுனா மான் எந்திரிக்காது."

பாஸ்போர்ட் மேசைக்குத் திரும்பியது. நண்பர் பெட்டியை விட்டு எழுந்தார். அதிகாரி என்னைப் பார்த்தார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஈயக் குண்டு டப்பாவைப் பார்த்தேன். அதன் மூடியில் ஒரு குருவிப் படம்கூடப் போட்டிருந்தது.

"பலகையில சுட்டுப் பாருங்க" என்றேன் அதிகாரியிடம். வேறு வழி தோன்றவில்லை. ஓர் அங்குலப் பலகையைப் பக்கத்தில் நின்று சுட்டும் துளைக்காவிட்டால் ஏர்கன் என்று எடுத்துக்கொள்வதாக அவரும் ஒப்புக்கொண்டார். கப்பல்துறையில் கிடந்த ஒரு மரப்பலகையை மணலில் நட்டார்கள். இரண்டு எட்டு தூரத்தில் நின்று ஜவுளிக்கடைக்காரர்தான் சுட்டார். டப் என்றது. குண்டு பலகையில் பாதி புதைந்து, நசுங்கி, தலை நீட்டிக்கொண்டு நின்றது. சுமைதூக்குபவர்கள் சிரித்தார்கள்.

நண்பர் கண்ணை மூடி, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

ஜவுளிக்கடைக்காரருக்கோ முகம் கறுத்துவிட்டது. "பலகை ஊறிக் கெடக்கு சார். உப்புக் காத்து வேற. காஞ்ச பலகை ஒண்ணு கொண்டாரச் சொல்லுங்க, இன்னொரு தோட்டா போட்டுக் காமிக்கிறேன்." சொல்லிக்கொண்டே அடுத்த குண்டு போடக் குழலை மடக்கினார்.

"அண்ணே!" நண்பர் ஓடி வந்து துப்பாக்கியைப் பிடுங்கினார். "ஒங்களுக்கு அல்லா நல்ல புத்தி குடுக்கட்டும். வாய மூடுங்கண்ணே." நேராக அதிகாரியிடம் போய் மேசைமேல் வைத்தார். "எனக்கு இது வேணாம் சார். நீங்களே எடுத்துக்கங்க."

"சுங்கவரி கட்டிட்டு எடுத்துட்டுப் போகலாம் சார். பிரச்சினை முடிஞ்சாச்சு."

"முடியாது சார். இவரு கையில குடுத்தா ராமநாதபுரம் போய்ச் சேர்றதுக்குள்ள பீரங்கியாக்கிருவாரு. பொறவு நீங்க என்னையத் தேடிக் கீழக்கரைக்கு வருவீங்க."

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். துப்பாக்கியைச் சுங்கத்துக்கே விட்டுவிடுவதாக நண்பர் எழுதிக் கொடுத்தார். பாஸ்போர்ட் கைக்கு வந்தது. அதைச் சட்டையின் உள்பையில் வைத்து, மேலே உள்ளங்கையை வைத்துக்கொண்டே ரயிலேறினார்.

ஜவுளிக்கடைக்காரர் எதிரே உட்கார்ந்தார். பாம்பன் தாண்டியபோது அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு சாமானுக்கு ரெண்டு பேரு இருக்கக் கூடாதா மாப்ளே?"

"இருக்கட்டும்ணே" என்றார் நண்பர், நெஞ்சிலிருந்து கையை எடுக்காமல். "எனக்கு இருக்கது ஒரு வேலைதான்."