நான் மாற்றிய எண்

கணினித் திரையில் பச்சைப் புள்ளிகள் வளையமாகச் சுற்றிக்கொண்டிருந்தது இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. தொண்ணூறுகளின் நடுவில், பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றின் இயற்பியல் துறையில் நானும் அக்காவும் ஆய்வு மாணவிகள். கூடப் பிறந்தவள் இல்லை. மூன்று வயது மூத்தவள் என்பதால் அக்கா. களக்காட்டிலிருந்து தினமும் பேருந்தில் வருவாள்.

விண்மீன் மண்டலங்களின் நடுவில் இருக்கும் ராட்சதக் கருந்துளைகளுக்கு இரை எப்படிப் போய்ச் சேருகிறது என்பதுதான் அவள் ஆய்வு. கருந்துளை எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும் என்று நினைத்திருந்த என்னிடம் முதல் வாரமே சொன்னாள்: “அது இழுக்கத்தான் செய்யுது. ஆனா வாயு நேரா போய் விழாதுளா, சுத்திக்கிட்டே கெடக்கும். அந்தச் சுத்தைத் தொலைச்சாத்தான் பைய உள்ள எறங்கும்.” சுற்றிலுமுள்ள விண்மீன்களின் இழுப்பு வாயுவைக் கொஞ்ச தூரம் உள்ளே கொண்டுவந்துவிடுகிறது. அதற்கப்புறம் அதை உள்ளே தள்ளுவது எது? அவள் கணினியில் ஓட்டிய கணக்கில், திரையில் பச்சைப் புள்ளிகளாகத் தெரிந்த வாயு எப்போதும் மையத்துக்கு வெகு தொலைவிலேயே வளையமாகத் தேங்கிவிடும். நான்கு வருடமாக அப்படியேதான் தேங்கி நின்றது.

ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய காலக்கெடுவுக்கு ஆறு வாரம் இருக்கையில் வழிகாட்டிப் பேராசிரியர் திரையைப் பார்த்தார். “உள்ள விழலன்னா இதுல என்னம்மா முடிவு இருக்கு?” என்று கேட்டுவிட்டுப் போனார். அக்கா அன்று சாப்பாட்டைத் திறக்கவே இல்லை. இந்த முறையும் முடிக்காவிட்டால் படித்தது போதும் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

அந்த வாரமே அவள் அப்பா படுத்துவிட்டார். ஊருக்குக் கிளம்பும்போது கணக்கை என்னிடம் ஒப்படைத்தாள். “இதே உராய்வு எண்ணை வச்சு நீளமா ஓட்டு. அப்பமும் நின்னா, நிக்குதுன்னே எழுதிருதேன்.”

எனக்குத் தாங்கவில்லை. வாயுவின் உராய்வைக் குறிக்கும் எண்ணை, இயற்கையில் இருக்க வழியே இல்லாத அளவுக்குக் கூட்டினேன். உராய்வு கூடினால் வாயுவின் சுற்று தொலையும். கணக்கு மூன்று வாரம் ஓடியது. வளையம் உடைந்து, வாயு சுருண்டு சுருண்டு மையத்தில் விழுந்தது.

திரும்பி வந்தவள் திரையைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எண்ணை மாற்றியதை மறைத்துவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளே எண்களைச் சரிபார்க்க உட்கார்ந்தாள்.

“ஏளா, இத நீயா மாத்துன?”

“உங்களுக்காகத்தான்க்கா...”

அவள் திட்டவில்லை. பழைய எண்ணைப் போட்டு மறுபடி ஓடவிட்டாள். இடையில் இரண்டு தடவை மின்சாரம் போனது. இரண்டு தடவையும் முதலிலிருந்து தொடங்கினாள். கணக்கு முடியுமுன் கெடு முடிந்தது. ஆய்வை விட்டுவிட்டு, சாத்தான்குளத்தில் ஒரு பள்ளிக்கு ஆசிரியையாகப் போய்விட்டாள். நான் பட்டம் வாங்கினேன்.

வெகு வருடம் கழித்து, பல விண்மீன் மண்டலங்களில் வாயு அப்படித்தான் வளையமாகத் தேங்கி நிற்கிறது என்று தொலைநோக்கிப் படங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதைச் சொல்லத்தான் அவள் பள்ளிக்குப் போனேன். விடைத்தாள் கட்டைக் கையில் வைத்தபடியே கேட்டுக்கொண்டாள்.

“நிக்கும்னு எனக்கு அப்பமே தெரியும்ளா,” என்றாள். “நீதான் நம்பல.”