தன் பேரைத் தானே கூவியவள்

எல்லாரையும் பிறர்தான் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கண்டக்டரம்மாவுக்கு மட்டும் தன் பேரைத் தானே தொண்டை கிழியக் கத்துவது பிழைப்பு. அவள் பேரும் அவள் பஸ் போகும் ஊரின் பேரும் ஒன்று. அதே பேரில் இன்னும் இரண்டு ஊர் உண்டு. மலைமேல் இருக்கும் ஊருக்குப் போகவேண்டியவர்கள் பாதி வழியில் விழித்துக்கொண்டு சண்டைக்கு வருவார்கள். "ஆத்தங்கரை ஊருன்னு அத்தனை தடவை கத்தினேனே, காது எங்க போச்சு?" என்று ஒரே போடாகப் போடுவாள்.

லாரி ஓட்டிய அப்பா அந்த ஆத்தங்கரை ஊரிலேயே வேறு குடும்பம் தேடிக்கொண்டு தங்கிவிட்டார். அப்போது அவள் பள்ளிக்கூடம் போகிற பெண். ஓடிப்போனவர் வைத்த பேர் எதற்கு, மாற்றித் தொலை என்று உறவெல்லாம் ஓதியது. அவள் மசியவில்லை. வேலைக்குச் சேர்ந்தபின் தினமும் அந்த ஊருக்குப் போனாள். ஒருநாளும் அவரைத் தேடியதில்லை. வீம்புதான், என்ன இப்போது?

தம்பி மகளுக்குச் சம்பந்தம் பேச மாப்பிள்ளை வீட்டார் வந்த நாளில் வினை வந்தது. அப்பா செத்துவிட்டார் என்று தம்பி அவர்களிடம் அளந்து வைத்திருந்தான்.

"அக்கா, இன்னிக்கு மட்டும் வேற பேர் சொல்லிடு. ஏன் ஊர் பேரு வச்சாங்கன்னு தோண்டுவாங்க. எல்லாம் வெளிய வந்துடும்."

அந்தப் பெண் என்றால் அவளுக்கு உயிர். மனசில்லாமல் தலையாட்டினாள்.

டீயை வாங்கிக்கொண்டே மாப்பிள்ளையின் அம்மா அன்பாகத்தான் கேட்டாள், "உங்க பேரு?"

தம்பி முந்திக்கொண்டு ஏதோ ஒரு பேரைச் சொன்னான். கண்டக்டரம்மாவுக்குச் சுருக்கென்றது.

"அது என் பேர் இல்லைங்க," என்று தன் பேரைச் சொன்னாள், பஸ்ஸில் சொல்லும் அதே குரலில். "எங்கப்பா அந்த ஊர்லதான் இருக்கார். எங்களை விட்டுட்டுப் போனவர். சாகலை."

தம்பிக்கு முகம் செத்துவிட்டது. மூலையில் உட்கார்ந்திருந்த தன் அம்மாவிடம் திரும்பினான். "பார்த்தியாம்மா? அந்த ஆள் வச்ச பேரைப் பிடிச்சுக்கிட்டு என் பொண்ணு வாழ்க்கையில..."

"அவர் எங்கடா வச்சார்?" அம்மா எழுந்தாள். "நான் வச்சேன். கல்யாணமான புதுசுல அங்கதான் குடியிருந்தோம். இவ அங்கதான் பிறந்தா. நான் சந்தோஷமா இருந்த ஊர் அது. அவர் மாறிட்டார்னு அதையும் அவருக்கே விட்டுக்குடுக்கணுமா? இத்தனை வருஷத்துல யாராவது என்னைக் கேட்டீங்களா?"

பிறகு வந்தவர்கள் பக்கம் திரும்பினாள். "பிடிச்சிருந்தா உக்காருங்க. இல்லன்னா பஸ் இருக்கு, இவளே ஏத்திவிடுவா."

யாரும் எழுந்திருக்கவில்லை.